மோட்டார் எதனால் போனது?

“அண்ணே, மோட்டார் போயிடுச்சு. புதுசு ஒண்ணு போட்டுக் குடுங்க.”

ரேடியோ கண்ட்ரோல் கார்களுக்குப் பழுது பார்க்கும் மேசையில் உட்காருகிறவர் தினமும் கேட்கிற பேச்சு இது. நோயையும் மருந்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் காரைக் கையில் தருவார்கள். தொழிலுக்குப் புதியவர் அதை நம்பிப் பழைய மோட்டாரைக் கழற்றி, புதியதை மாட்டி, காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். இரண்டு வாரத்தில் அதே கார், அதே தீய்ந்த வாசனை.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையனின் கார் அப்படி மூன்று முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை அவனுடைய அப்பாவும் கூட வந்தார். சத்தம் போடவில்லை. “தம்பி, மோட்டார்தான் மட்டமா, இல்ல கார்ல வேற ஏதாவது இருக்கா?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகுதான் மோட்டார் ஷாஃப்டில் இருக்கும் சின்னக் கியரான பினியனைக் கழற்றிவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். மாவு நிரம்பிய ஆட்டுக்கல்லைச் சுற்றுவதுபோல இருந்தது. அச்சில் தலைமுடியும் சாக்கு நூலும் சுற்றி இறுகி, பேரிங்குக்குள் புகுந்து, கிரீஸைத் தூசியோடு சேர்த்துக் கெட்டியாக்கியிருந்தன. எடுத்துப் போட ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் மூன்று மோட்டார்களை அந்தக் குடும்பத்தின் தலையில் கட்டியிருந்தேன்.

அன்றிலிருந்து என் மேசையில் ஒரு விதி உண்டு. மோட்டாரை மாற்றுவதற்கு முன், அது எதனால் போனது என்று ஜாப் கார்டில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி எழுத முடியாதவரை வேலை முடியவில்லை என்று பொருள். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற இளைஞர்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த ஒரு வரியை எழுதும் வழிதான்.

வாயும் மூக்கும் முதலில்

மல்டிமீட்டரை எடுக்காதீர்கள். கேளுங்கள். எங்கே ஓட்டினீர்கள்? ரோட்டிலா, புல்லிலா, கடற்கரையிலா? திடீரென்று நின்றதா, கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்ததா? கடைசியாக என்ன மாற்றினீர்கள்? இந்த மூன்றாவது கேள்விதான் பல வழக்குகளை முடித்துவைக்கும். “பெரிய டயர் போட்டேன்”, “ரெண்டு செல் பேட்டரிக்கு பதிலா மூணு செல் போட்டேன்”, “வேகமா போக பினியனை மாத்தினேன்” என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். பையன் தயங்கினால் அப்பாவைக் கொஞ்சம் வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள், உண்மை வந்துவிடும்.

அடுத்தது மூக்கு. தீய்ந்த வார்னிஷ் வாசனைக்கு இணையான சாட்சி கிடையாது. செம்புக் கம்பியின் மேல் பூசிய இனாமல் கருகியிருக்கிறது என்று அர்த்தம். அந்த வாசனை வந்த மோட்டார் இன்னும் சுற்றினாலும் அதை நம்பிக் காரைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். மோட்டாரைப் பின்னுக்கு நகர்த்தி, பினியன் தான் சுற்றும் பெரிய கியரான ஸ்பர் கியரைத் தொடாதபடி விலக்குங்கள். இப்போது ஸ்பர் கியரை விரலால் தட்டினால் சக்கரங்கள் இலகுவாகச் சுற்ற வேண்டும். எங்காவது பிடித்தால் பேரிங், அச்சில் சுற்றிய நூல், வளைந்த ஷாஃப்ட், கியர்பாக்ஸுக்குள் சிக்கிய கல் என்று அங்கேயே தேடுங்கள். கார் சரியில்லாமல் மோட்டாரைச் சோதிப்பதில் பயனில்லை. மோட்டாரை விலக்கி வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: சோதனையின்போது கார் மேசையிலிருந்து பாய்ந்து விழாது.

பிரஷ் உள்ளவை

விலை குறைந்த கார்களிலும் புதியவர்களுக்கான கார்களிலும் இன்றும் பிரஷ் மோட்டார்தான். ஜப்பானின் தாமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 காருடன் மின்சார ரேடியோ கண்ட்ரோல் கார் உலகத்துக்குள் வந்தது. அந்தக் காலத்திலிருந்து ‘540’ என்ற அளவு இந்தத் துறையின் பொது மொழியாகிவிட்டது. சுமார் 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம், 3.17 மி.மீ. ஷாஃப்ட். வெள்ளி நிறத் தகர டப்பாவுக்குள் வருகிற சாதாரண 540-ஐத் திறக்க முடியாது, பிரஷ் மாற்றவும் முடியாது. எனவே அதை வெளியிலிருந்தே படிக்கத் தெரிய வேண்டும். அது கடினமில்லை.

இரண்டு பெரிய டார்ச் செல்களைத் தொடராக இணைத்தால் 3 வோல்ட். இதைவிட நல்ல சோதனைக் கருவி எனக்குத் தெரியாது. மோட்டாரின் கம்பிகளைக் காரிலிருந்து பிரித்து இந்த 3 வோல்ட்டைக் கொடுங்கள். சீராகச் சுற்றினால் மோட்டார் பெரும்பாலும் குற்றமற்றது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான ஈஎஸ்சி-யையும் பேட்டரியையும் கனெக்டர்களையும் சந்தேகியுங்கள். சுற்றவே இல்லை, ஆனால் ஷாஃப்டை விரலால் தள்ளிவிட்டால் ஓட ஆரம்பிக்கிறது என்றால், ஆர்மெச்சரில் மூன்று காயில்களில் ஒன்று அறுந்திருக்கும், அல்லது கம்யூட்டேட்டரின் ஒரு துண்டு தீய்ந்திருக்கும். சில நிலைகளில் நிறுத்தினால் கிளம்பாது, சில நிலைகளில் கிளம்பும். ஷாஃப்டைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஒவ்வொரு நிலையிலும் மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் அந்த ஊனமுற்ற இடம் தனியாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: இந்த மோட்டார்களின் தடை ஒரு ஓமுக்கும் மிகக் குறைவு. மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் எண்ணைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மெதுவாகச் சோர்ந்த மோட்டாரின் கதை வேறு. டப்பாவின் துவாரங்களில் கரித்தூள் அப்பியிருந்தால், உள்ளே நீல நிறத் தீப்பொறி வட்டமாகச் சுற்றினால், பிரஷ் தேய்ந்து முடிந்துவிட்டது. அது இயல்பான மரணம். இருநூறு பேட்டரி ஓடிய காரில் அதில் குற்றவாளியைத் தேட வேண்டாம். வாங்கிய மாதமே அப்படி ஆனால் தேட வேண்டும். அப்போது நான் முதலில் கேட்பது, பெட்டியைத் திறந்த அன்றே முழு வேகத்தில் விரட்டினார்களா என்று. புதிய பிரஷின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவோடு முழுக்கப் பொருந்தியிருக்காது. ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு முழுச் சுமையையும் தாங்கினால் அந்த இடம் பொசுங்கும். அதே 3 வோல்ட் செல்களில் சுமையில்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு பிரஷைப் பழக்கிவிட்டு, பிறகு காரில் மாட்டுங்கள். கடையில் விற்கும்போதே இதைச் செய்து கொடுத்தால் வாடிக்கையாளர் உங்களை மறக்க மாட்டார்.

பிரஷ்லெஸ்: விரலே கருவி

பிரஷ்லெஸ் மோட்டாரில் மூன்று கம்பிகள். பேட்டரியை அதற்கு நேராகக் கொடுத்துச் சோதிக்கக் கூடாது, ஒருபோதும் கூடாது. சுற்றாது, எரியும். பல்லாங்குழியில் ஒவ்வொரு குழியாக விழுவதுபோல ஷாஃப்ட் திருப்பும்போது தட்டித் தட்டித் திரும்புவது இதன் இயல்பு. அதைக் கண்டு பேரிங் போய்விட்டதாகப் புதியவர்கள் பயப்படுவார்கள்.

மூன்று கம்பிகளையும் ஈஎஸ்சி-யிலிருந்து பிரித்து, ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். ஷாஃப்டைச் சுற்றுங்கள். அந்த இயல்பான தட்டலைத் தவிர வேறு பிடிப்பு இருக்கக் கூடாது. இப்போது ஏதாவது இரண்டு கம்பிகளைச் சேர்த்துத் தொட்டுக்கொண்டு சுற்றுங்கள். யாரோ பிரேக் பிடிப்பதுபோல இருக்க வேண்டும். நீங்கள் சுற்றுவதால் உண்டாகும் மின்சாரம் அந்தச் சுற்றுவழியாக ஓடி உங்களையே எதிர்க்கிறது. கம்பிகளை முதல்-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-முதல் என மாற்றி மாற்றி மூன்று ஜோடிகளிலும் செய்யுங்கள். மூன்றிலும் பிடிப்பு ஒரே மாதிரி இருந்தால் வைண்டிங் நலம். ஒரு ஜோடியில் பிடிப்பு உண்டு, மற்ற இரண்டில் இல்லை என்றால், அந்த இரண்டு ஜோடிகளுக்கும் பொதுவாக உள்ள கம்பியின் வழி அறுந்திருக்கிறது. எதையும் தொடாமலேயே பிரேக் பிடித்த உணர்வு வந்தால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிவிட்டன. சாதாரண மல்டிமீட்டரால் இந்த ஷார்ட்டைக் கண்டுபிடிக்க முடியாது. மீட்டரின் வேலை வேறு: ஒரு கம்பிக்கும் மோட்டாரின் உலோக உடலுக்கும் இடையே இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மோட்டாரை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான்.

கார் கிளம்பும்போது நடுங்கித் துடிக்கிறது என்று வருகிறவர்கள்தான் அதிகம். சென்சார் இல்லாத மோட்டாரில் நின்ற நிலையில் ரோட்டர் எங்கே நிற்கிறது என்று ஈஎஸ்சி-க்குத் தெரியாது. சுற்ற ஆரம்பித்த பிறகு திரும்பி வரும் மின்னழுத்தத்தை வைத்துத்தான் அறிந்துகொள்கிறது. கிளம்பும்போது சிறு தடுமாற்றம் இருப்பது அதனால்தான். ஆனால் நேற்று இல்லாத நடுக்கம் இன்று வந்திருந்தால், மூன்று புல்லட் கனெக்டர்களையும் முதலில் பாருங்கள். தளர்ந்த ஒன்று, சோல்டரிங் விட்டுப்போன ஒன்று பெரும்பாலும் அகப்படும். சென்சார் உள்ள மோட்டாராக இருந்தால் அந்த மெல்லிய கேபிளைப் பாருங்கள். கம்பி உள்ளேயே முறிந்திருப்பது வெளியே தெரியாது, வேறு கேபிள் மாட்டித்தான் உறுதி செய்ய வேண்டும். இந்த வகையில் மூன்று தடித்த கம்பிகளையும் ஏ, பி, சி குறியின்படியே இணைக்க வேண்டும். சென்சார் இல்லாததில் இரண்டை மாற்றினால் திசைதான் திரும்பும். சென்சார் உள்ளதில் மாற்றிவிட்டால் மோட்டாரும் ஈஎஸ்சி-யும் சேர்ந்து போகலாம்.

அதிகம் பேசப்படாத ஒரு கொலைகாரன் உண்டு: நீளமான ஸ்குரூ. மோட்டாரைப் பிடிக்கும் 3 மி.மீ. ஸ்குரூ தொலைந்துபோய், கையில் கிடைத்த நீளமான ஒன்றை முறுக்கியிருப்பார்கள். அதன் நுனி உள்ளே போய் வைண்டிங்கைக் குத்தியிருக்கும். மவுன்ட்டின் தடிமனோடு 3 மி.மீ. சேர்த்த நீளம் போதும். கழற்றும்போதே ஸ்குரூக்களை அளந்து பார்க்கிற பழக்கம் வையுங்கள்.

திறக்க முடிந்த மோட்டாரைத் திறந்து காயில்களின் நிறத்தைப் பாருங்கள். கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் ரீவைண்டிங் கடைகளில், அனுபவமுள்ளவர்கள் கருகிய விதத்தை வைத்தே காரணம் சொல்லிவிடுவார்கள். அந்தக் கண் இங்கேயும் வேண்டும். எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் சுமை அதிகம். காரையும் கியரையும் திருத்தாமல் புது மோட்டார் போடாதீர்கள். ஓரிடம் மட்டும் கறுத்திருந்தால் அங்கே ஏதோ குத்தியது, உரசியது அல்லது தண்ணீர் புகுந்தது.

சூட்டின் கணக்கு

மோட்டார்களைக் கொல்வது பெரும்பாலும் சூடு. சூட்டை உண்டாக்குவது ஆம்பியர், அதுவும் இருமடி வேகத்தில். ஆம்பியர் இரண்டு மடங்கானால் செம்புக் கம்பியில் எழும் சூடு நான்கு மடங்கு.

ஒரு கணக்கு போடுவோம். ஸ்பர் கியர் 86 பல். பினியன் 19-இலிருந்து 23 பல்லுக்கு மாற்றப்படுகிறது. ‘நாலு பல்லுதானே’ என்பார்கள். அதே காரை அதே புல்லில் தள்ள மோட்டார் இப்போது 21 சதவீதம் அதிக முறுக்கு விசை தர வேண்டும், ஆம்பியரும் அதே விகிதத்தில் ஏறும், சூடு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். பெரிய டயர் செய்வதும் இதே வேலைதான். செம்புக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் அதன் தடை சுமார் 0.39 சதவீதம் கூடும். நூறு டிகிரி ஏறினால் தடை ஐந்தில் இரண்டு பங்கு கூடிவிடும். சூடு சூட்டை வளர்க்கிறது.

இதில் மிக மோசமானது சக்கரம் சிக்கி நிற்கும்போது த்ராட்டிலை அழுத்துவது. 0.1 ஓம் தடையுள்ள மோட்டார், 7.4 வோல்ட் பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியும் ஈஎஸ்சி-யும் ஈடுகொடுத்தால் 74 ஆம்பியர்; ஐந்நூறு வாட்டுக்கும் மேல். மோட்டார் சுற்றாததால் ஒரு வாட்கூட வேலையாக மாறாது. 25 வாட் சோல்டரிங் அயர்ன் இருபதை ஒரு டப்பாவுக்குள் அடைத்ததற்குச் சமம். கார் கல்லில் மாட்டிக்கொண்டால் விரலை எடுத்துவிட்டு நடந்துபோய் எடுக்க வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். நான் பில்லின் பின்னாலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

பேட்டரியில் செல் கூட்டுகிறவர்களுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். 3500 கேவி மோட்டார் என்றால் ஒரு வோல்ட்டுக்குச் சுமையில்லாமல் 3500 சுற்று. 7.4 வோல்ட்டில் நிமிடத்துக்கு 25,900. மூன்று செல்லின் 11.1 வோல்ட்டில் 38,850. மோட்டாரின் தாளில் மூன்று செல் அனுமதி இருக்க வேண்டும், பினியனும் சிறியதாக வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். விற்பனை போனாலும் பரவாயில்லை.

வெப்பத்தை அளக்க அகச்சிவப்புத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள்கூட ஒரு தவறு செய்கிறார்கள். பளபளப்பான அலுமினிய உடலில் அதை நீட்டினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக அதிகம் வெளியிடாது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை மோட்டாரில் ஒட்டி, அதன் மேல் அளந்து பாருங்கள். வித்தியாசம் உங்களைத் திடுக்கிட வைக்கும். வெளியுடல் 80 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் எல்லை. உள்ளே வைண்டிங் அதைவிடச் சூடாக இருக்கும். நியோடிமியம் காந்தத்தின் சாதாரண ரகங்களும் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்க ஆரம்பிக்கும். அப்படி இழந்த வலு ஆறிய பிறகும் திரும்பி வராது. பலவீனமான காந்தம் அதே விசைக்கு அதிக ஆம்பியர் கேட்கும், மறுபடி சூடு.

குளிர்நாட்டுக்காரர் எழுதிய கியர் அட்டவணையை நம் ஊர் மே மாதத்தில் அப்படியே பின்பற்றக் கூடாது. 25 டிகிரி வெயிலில் 70-இல் நிற்கிற மோட்டார், 40 டிகிரியில் அதே ஓட்டத்துக்கு 85-ஐத் தொடும். கோடையில் இரண்டு பல் குறைந்த பினியன், இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே மோட்டாரைத் தொட்டுப் பார்த்து ஆறவிடுகிற பொறுமை, இவை போதும்.

புதிய கியர் மாட்டும்போது பற்களின் இடைவெளிக்கு நோட்டுப் புத்தகத் தாள் ஒரு கீற்றுப் போதும். பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே தாளை விட்டு, அழுத்திப் பிடித்து ஸ்குரூவை இறுக்கி, பிறகு கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் மடிப்பு விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது.

கடற்கரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிறுவயதில் காந்தத்தை மணலில் இழுத்து இரும்புத்தூள் சேர்க்காதவர் நம்மில் குறைவு. கருமணல் கலந்த கரையில் கார் ஓடும்போது மோட்டாரின் காந்தமும் அதையேதான் செய்கிறது. துகள்கள் ரோட்டரில் ஒட்டி, உள்ளே உரசி, இனாமலைச் சுரண்டும். ஊதினால் போகாது, பிரித்து, ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். உப்பு பேரிங்கை அரிப்பது தனி. தண்ணீரிலோ உப்புக் காற்றிலோ ஓடிய அன்றே துடைத்து, உலர்த்தி, பேரிங்குக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். கம்யூட்டேட்டரில் எண்ணெய் படக் கூடாது.

மேசையின் நாணயம்

சோதனைக் கூலியைத் தனியாக வாங்குங்கள். காரணம் கண்டுபிடிப்பதும் வேலைதான். அதற்குக் காசு இல்லையென்றால் மோட்டார் விற்றால்தான் வருமானம் என்றாகிவிடும். பிறகு எல்லாக் காரிலும் மோட்டார் போயிருப்பதாகவே உங்கள் கண்ணுக்குத் தெரியும். கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்காமலே திருப்பிக் கொடுங்கள். காரணத்தை எழுதிக் காட்டுங்கள்: ‘பின் அச்சு பேரிங் இறுகியதால் சுமை, மோட்டார் கருகியது, பேரிங் மாற்றப்பட்டது.’ பையனிடமும் அதையே சொல்லுங்கள், திட்டாமல். அடுத்த முறை அவனே முடியை எடுத்துவிட்டு வருவான்.

படிப்பு என்று கேட்டால், ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் என்ற இரண்டு பிரிவுகளும் நல்ல அடித்தளம். இரண்டும் இரண்டு வருடப் படிப்புகள். பொம்மைக் காரில் தொடங்கி எங்கே போவது என்று வீட்டில் கேட்பார்கள். வீட்டு உத்தரத்தில் சுற்றும் பிஎல்டிசி விசிறியிலும் காந்த ரோட்டர், மூன்று கம்பிதான். மின்சார ஸ்கூட்டரின் சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரில் மூன்று தடித்த கம்பிகளும், ஹால் சென்சாருக்கு ஐந்து மெல்லிய கம்பிகளும் வரும். இரண்டு கம்பியைச் சேர்த்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கும் அதே சோதனை அங்கேயும் பேசும். ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிற இடங்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. அவற்றைப் பழுது பார்க்கும் கைகள் ஊர் ஊராகத் தேவைப்படுகின்றன. விசிறியில் மட்டும் கவனம்: அதன் பலகைக்கு வருவது 230 வோல்ட். முறையாகக் கற்காமல் தொடாதீர்கள்.

என் மேசையின் கீழ் இழுப்பறையில் செத்த மோட்டார்கள் கிடக்கின்றன. வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று விட்டுப்போனவை. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு மடித்துக் கட்டியிருக்கிறது. புதிதாகச் சேருகிற தம்பிகளுக்கு முதல் வாரம் முழுவதும் இதுதான் வேலை: ஒன்றை எடுத்து, முகர்ந்து, சுற்றி, கம்பிகளைத் தொட்டு, காரணத்தை ஒரு தாளில் எழுதிவிட்டு, அதன் பிறகு சீட்டைப் பிரிக்க வேண்டும்.